பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. எனக்கும் உண்டு என்று சொல்லலாமா?

காவேரிக்கரை | வெள்ளி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். இங்கே நான் இதுவரை எழுதியதெல்லாம் பாடப்புத்தகம், பயிற்சி வகுப்பு பற்றித்தான். இன்றைக்கு எழுதப்போவதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மாத்திரை. கடைசியாக வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் ஒருவேளைகூட விடுவதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரையை விட்டமின் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண். பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே அவள்மேல் எனக்கு ஒரு கண். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் செய்யுள் வாசிக்கச் சொன்னபோது பார்த்தேன், மேல் ஈறு தடித்து முன்பல்லில் பாதியை மூடியிருந்தது. ஃபெனிடாயின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிற சிலருக்கு ஈறு அப்படி வளரும். கல்லூரியில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்து குரூப் போட்டோ ஒன்றில்கூட நான் வாய்திறந்து சிரித்திருக்க மாட்டேன்.

அவளிடம் எதையும் கேட்கவில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும் என்பதால், ப்ராஜெக்ட் நோட்டை அவள் மட்டும் தாமதமாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டேன். மாடி வராந்தாவில் வரிசையாக நடக்கும்போது கைப்பிடிச் சுவர் ஓரமாக இல்லாமல் உள்பக்கம் வரச் சொன்னேன். அவளுக்குக் காரணம் தெரியாது.

புதன்கிழமை பிரேயரில் விழுந்துவிட்டாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு விலகினார்கள். ஒரு சார் அவள் கையை அழுத்திப் பிடிக்கப் போனார், பியூன் அண்ணன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தலைக்கடியில் ஒரு பையை வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். எச்சில் தானாக வெளியே வழிந்தது.

அப்புறம்தான் கவனித்தேன், சுடிதார் நனைந்திருந்தது. பக்கத்தில் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர்க் குடம் இருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டேன். தரையெல்லாம் தண்ணீர், என் புடவையும் நனைந்தது. அவள் கண் விழித்தபோது, “தண்ணி கொட்டிருச்சும்மா, வா, வேற டிரஸ் மாத்திக்கலாம்” என்று சொல்லி அழைத்துப்போனேன்.

இப்போது இரண்டு பிரச்சினை. இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது ரிஸ்க், பெற்றோர் டி.சி. வாங்கிக்கொள்ளட்டும் என்று ஹெச்.எம். சொல்கிறார். அடுத்தது, உங்களுக்கு எப்படி இவ்வளவு நிதானம் வந்தது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கேயோ படித்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு இந்த நோய் இல்லாவிட்டால் அந்த ஈறும் கண்ணில் பட்டிருக்காது, ஈரமும் பட்டிருக்காது. இதை அந்தப் பிள்ளையின் அம்மாவிடமாவது சொல்லலாமா? ஹெச்.எம்.மிடம்? சொன்னால் அடுத்து என் வேலைக்கு என்ன ஆகும்?


ரயில்பயணி | வெள்ளி, இரவு 10.35

அக்கா, குடத்தைத் தள்ளிவிட்ட இடத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அவனுக்கும் சின்ன வயதிலிருந்து ஃபிட்ஸ் உண்டு.

அரக்கோணம் – சென்னை லோக்கலில் தினமும் போய்வருகிறவன் நான். அந்தக் கூட்டத்தில் யாராவது விழுவதை அவ்வப்போது பார்க்கிறேன். ஒன்று கவனித்திருக்கிறேன். இழுப்பு இருக்கும்வரை சுற்றி இருபது பேர் நிற்பார்கள். வெங்காயத்தைக் கசக்கு, இரும்பைக் கொடு, செருப்பை மோக்க வை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இழுப்பு நின்றதும், சரியாகிவிட்டது என்று எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். அந்த ஆளுக்கு உண்மையான கஷ்டமே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, பேர் கேட்டால் சட்டென்று வராது, செல்போனும் பையும் எங்கே என்று தேடத் தோன்றாது. தம்பியின் செல்போன் அப்படிப் போயிருக்கிறது.

அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். “இது ஆவடி ஸ்டேஷன், மணி எட்டே முக்கால், உங்க பை என் மடியில இருக்கு” என்று மெதுவாகச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே சொல்வேன், ஏனென்றால் முதல் தடவை சொன்னது அவர்களுக்கு நினைவில் தங்காது. என்ன ஆச்சு, எத்தனை நாளா இருக்கு, கல்யாணம் ஆயிடுச்சா என்றெல்லாம் கேட்கவே மாட்டேன். வீட்டு ஆள் வரும்வரை கூட இருப்பேன். ஆபீஸில் அரைநாள் போகும், போகட்டும்.

இதையெல்லாம் தம்பிக்கு எது வேண்டியிருந்தது என்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். ஹெச்.எம். விஷயத்தில் அவசரப்பட வேண்டாம்.


ஓய்வுபெற்ற_செவிலி | சனி, காலை 6.20

டீச்சர் செய்தது அத்தனையும் சரி. நியூரோ வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். இந்தப் பக்கத்தை வேறு ஆசிரியர்களும் படிப்பார்கள் அல்லவா.

வாயில் எதையும் வைக்கக் கூடாது. கரண்டி, துணி, விரல் எதுவுமே வேண்டாம். நாக்கு உள்ளே போய்விடும் என்பது பயம்தான், அப்படி யாரும் நாக்கை விழுங்குவதில்லை. பல்லை நெம்பித் திறக்கப் போய் பல் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கை கால்களை அழுத்திப் பிடித்தால் எலும்பு முறியலாம், தோள் பிசகலாம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைக் கையில் வைத்த நேரத்தில் அது நின்றால், சாவியால் நின்றது என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவையாக வந்திருந்தாலோ உடனே 108.

இன்னொன்று. வலிப்பு என்றால் விழுந்து துடிப்பது மட்டும் கிடையாது. சில பிள்ளைகள் சில விநாடி அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள், கூப்பிட்டால் பதில் இருக்காது, அப்புறம் விட்ட இடத்திலிருந்து எழுதுவார்கள். கவனம் இல்லை, கனவு காண்கிறான் என்று அடிவாங்குகிற பிள்ளைகளில் சிலருக்கு அதுவாக இருக்கலாம்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒழுங்காகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. டீச்சர் அந்த 70இல் ஒருவர்.

ஈறு தடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லோரும் ஈறைப் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டுப் பிள்ளையைத் துளைக்காமல் வராந்தாவில் உள்பக்கம் நடக்கவைத்தது மிகப் பெரிய விஷயம். எங்கள் வார்டில் புதிதாக வரும் நர்ஸுகளுக்குப் பாடம் நடத்தி இதைக் கொண்டுவர முடியாது.


ஒற்றையடி | சனி, காலை 9.15

டீச்சரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் ஒரு முடிவுக்குப் போகிறீர்கள், கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் இரக்கம் வரும் என்று. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் அப்பா சின்ன வயதில் பட்டினி கிடந்தவர். யாரிடமும் சொல்ல மாட்டார், பாட்டி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பிறகு மளிகைக்கடை வைத்து நன்றாக வந்தார். கடைப்பையன் மதியம் இரண்டு மணிக்கு, பசிக்குது முதலாளி என்றால், “உன் வயசுல நான் ஒரு வேளைதான் சாப்பிட்டேன்” என்று சொல்லி மூட்டை இறக்க அனுப்புவார். பசி தெரிந்த மனிதர்தான். ராகிங்கில் அழுத பையன் அடுத்த வருஷம் ஜூனியரை அழவைப்பதும், மாமியாரிடம் பட்டவள் மருமகளைப் படுத்துவதும் நமக்குத் தெரியாததா? கஷ்டம் ஆளை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பும்.

இரண்டாவது, அந்தத் தண்ணீர்க் குடம். அன்பு என்பது புரிகிறது. ஆனால் அத்தனை பிள்ளைகள் நின்ற இடத்தில், வலிப்பில் சிறுநீர் போவது இயல்பு, இதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. அதை மூடி மறைத்தால், அது மறைக்க வேண்டிய விஷயம் என்று அந்தப் பெண்ணும் கற்றுக்கொள்வாள். நீங்கள் விட்டமின் டப்பாவில் மறைப்பதுபோல.


காவேரிக்கரை | சனி, மதியம் 1.05

ஒற்றையடி சார், கடைசி வரி சுட்டது. ஆனால் குடத்தை மறுபடியும் தள்ளத்தான் செய்வேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மறுநாள் அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டியது அவள். ஊருக்குப் பாடம் நடத்த அந்தக் குழந்தையின் உடம்பை நான் கரும்பலகையாக்க மாட்டேன். யாராவது வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், வளர்ந்தவள் நான் இருக்கிறேன், நான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் தைரியம் தேடிக்கொண்டிருக்கிறேன்.


வழக்குப்பெட்டி | சனி, மாலை 4.40

டி.சி. விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவு. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. உங்கள் மாணவி ஏழாம் வகுப்பு. பெற்றோரைக் கூப்பிட்டு, நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்கள் என்பார்கள். அதற்கு அவர்கள் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான். இதை உங்கள் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே ஹெச்.எம்.மிடம் சொல்லலாம். முதலில் பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் பயத்தில்தான் இப்படிப் பேசுகிறார்கள், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பழி தன்மேல் வரும் என்று.


ரயில்பயணி | சனி, இரவு 8.10

ஒற்றையடி அண்ணனுக்கு. நீங்கள் சொன்னதை மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலேயே இரண்டு விதமும் உண்டு.

என் பெரியப்பாவுக்கும் இதே நோய் இருந்தது. யாரும் துணைக்கு இல்லை. வயல் வரப்பில் விழுவார், ஜனங்கள் பேய் பிடித்திருக்கிறது என்று தள்ளி நிற்பார்கள். தானே எழுந்து வீட்டுக்கு வருவார். தம்பிக்கு வந்தபோது அவர்தான் முதலில் வந்து நிற்பார் என்று நினைத்தோம். “நான் தனியாத்தான் எழுந்தேன், அவனும் எழுவான்” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

தம்பியின் கதை வேறு. அவன் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கேயே விழுந்துவிட்டான். வேலை போச்சு என்று நினைத்தோம். முதலாளி அவனைக் கட்டிங் மெஷினிலிருந்து மாற்றி பைண்டிங் மேசையில் உட்காரவைத்தார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. மற்ற பையன்களிடம், இவன் விழுந்தால் இப்படிப் படுக்க வை என்று செய்து காட்டினார். இன்றைக்குத் தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் தம்பிதான் முதலில் ஓடுகிறான்.

கஷ்டம் மட்டும் போதாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்தக் கஷ்டத்தின் நடுவில் ஒரு ஆளாவது நம்மைச் சரியாகப் பிடித்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பசித்தபோது யாராவது ஒரு கை சோறு போட்டார்களா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறீர்களா?


ஒற்றையடி | சனி, இரவு 9.30

பாட்டி இப்போது இல்லை. அப்பா யாரையும் நன்றியோடு சொல்லி நான் கேட்டதே இல்லை, அது மட்டும் நிச்சயம். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் தம்பி.


ஐந்தாம்_ஸ்லிப் | சனி, இரவு 10.15

நான் இங்கே கிரிக்கெட் மட்டும் எழுதுகிறவன். இதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்து கேப்டனாக இருந்த டோனி கிரேக்குக்கு வலிப்பு நோய் இருந்தது. பதினான்கு வயதில் டென்னிஸ் ஆடும்போது முதலில் வந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் டெஸ்ட் ஆடினார், நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லி இந்த நோய் உள்ளவர்களுக்காகப் பேசினார். 1992 உலகக் கோப்பையில் பறந்து வந்து ஸ்டம்பில் மோதி இன்சமாமை ரன் அவுட் செய்தாரே ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் லேசான வலிப்பு நோய் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதற்கான விழிப்புணர்வு வேலைகளில் முன்னால் நின்றவர். ரோட்ஸ் கேட்ச் வீடியோவை அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள் டீச்சர். மற்ற பிள்ளைகளும் சேர்ந்தே பார்க்கட்டும்.


மயிலை_வாசகி | ஞாயிறு, காலை 8.00

மறைத்து வைத்த துக்கம் வெளியே வந்து அடுத்தவருக்கு வழியான கதை சென்னையிலேயே இருக்கிறது. சாந்தி ரங்கநாதன், டி.டி.கே. என்ற பெரிய தொழில் குடும்பத்து மருமகள். கணவரைக் குடிப்பழக்கத்துக்கு இளவயதிலேயே பறிகொடுத்தவர். அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் இதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். அவர் 1980இல் குடிநோயாளிகளுக்காகச் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடிக்கிறவருக்கு மட்டும் பார்க்காமல், அவருடைய மனைவிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து சிகிச்சைத் திட்டம் வைத்தார்கள். என் சித்தி அங்கே போய் உட்கார்ந்த அன்றுதான், தன் வீட்டில் நடப்பது மற்ற வீடுகளிலும் நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்த ஒருத்திக்குத்தான், மனைவிக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தோன்றும்.


இன்னும்_பெயரில்லை | ஞாயிறு, இரவு 11.20

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் தடவை எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது, கோவையில் வேலை. வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு வீட்டார் வருகிறார்கள். சொல்லவே கூடாது என்கிறார் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். ஆபீஸில் ஒரு பெண் மாதவிடாய் வலியில் டாய்லெட்டில் சுருண்டு கிடந்தால் நான்தான் போய் வெந்நீர் கொடுக்கிறேன், அவளுடைய வேலையையும் முடித்துக் கொடுக்கிறேன். உனக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தோன்றுகிறது என்கிறாள். அவளிடம்கூட நான் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. டீச்சர், நீங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம் எப்போது சொன்னீர்கள்?


வழக்குப்பெட்டி | திங்கள், காலை 7.45

சகோதரி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டத்திலேயே, அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. 1999இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. எனவே வலிப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் திருமணத்தைச் செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட இன்னும் வழி இருக்கிறது. மறைத்துச் செய்த கல்யாணங்கள் நீதிமன்றத்துக்கு வந்து பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம். முன்கூட்டியே சொல்லுங்கள்.


காவேரிக்கரை | திங்கள், இரவு 9.10

முதலில் கோவைத் தங்கைக்கு. நிச்சயத்துக்கு முன்னாலேயே சொன்னோம். என் அப்பா அவரைத் தனியாகக் கோயில் பிரகாரத்துக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். அவர் கேட்ட ஒரே கேள்வி, “வந்தா நான் என்ன செய்யணும்?” என்பதுதான். அதற்கு முன்னால் வந்த ஒரு வரன், விஷயத்தைக் கேட்டதும் காபி ஆறுவதற்குள் எழுந்துபோய்விட்டார்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று முழுக்க அழுதேன். ஆனால் அந்த வீட்டுக்குப் போய் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டிருந்தால் இன்னும் எவ்வளவு அழுதிருப்பேனோ.

இப்போது பள்ளி. இன்று மாலை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். என்னைப் பார்த்ததும், டி.சி. விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, “இனிமே வராதுங்க டீச்சர், குணசீலம் பெருமாளுக்கு வேண்டியிருக்கோம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வராமல் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இது நான் சாப்பிடறது. உங்க பொண்ணுக்கு இருக்கறது எனக்கும் இருக்கு” என்றேன். என்னை நம்பாமல் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டீச்சர் வேலைக்கெல்லாம் விடுவாங்களா?” என்றார்.

அப்புறம்தான் உண்மை வந்தது. ஒவ்வொரு தடவை மருந்து வாங்கவும் ஜி.ஹெச். வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகிறது. போன தடவை போக முடியாமல், இருக்கிற மாத்திரையை ராத்திரி வேளையில் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார். அதுதான் பிரேயரில் விழுந்த காரணமாக இருக்க வேண்டும். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தடவை நான் கூட வருகிறேன், இல்லையென்றால் என் வீட்டுக்காரர் போய் வாங்கி வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, “டீச்சர், உங்களுக்கும் ஈறு இப்படி இருந்துச்சா?” என்றாள். இருந்தது, மாத்திரை மாற்றின பிறகு குறைந்தது, பல் டாக்டரிடமும் காட்டலாம் என்றேன்.

ஹெச்.எம்.மிடம் இன்று சட்டப் பிரிவை மட்டும் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார். டி.சி. பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. பிரேயரில் யாருக்காவது இப்படி ஆனால் என்ன செய்வது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லித்தரச் சொன்னார். வெள்ளிக்கிழமை பேசப்போகிறேன். என்னைப் பற்றியும் அன்றே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.


ஓய்வுபெற்ற_செவிலி | செவ்வாய், காலை 6.05

டீச்சர், மாத்திரையைத் திடீரென்று குறைப்பதும் நிறுத்துவதும்தான் ரொம்ப ஆபத்து. இடைவிடாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அம்மாவுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜி.ஹெச். சீட்டைக் காட்டிக் கேளுங்கள், அங்கேயே கிடைத்தால் கூலி மிச்சம். ஃபெனிடாயினை மாற்ற வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், ஈறு விஷயத்தை அவரிடம் மறக்காமல் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை பேச்சில் வெறித்துப் பார்க்கிற வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவைப் பெண்ணுக்கு. வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசியாக வேண்டும். அந்த மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும், அதனால் முடிந்தவர்களுக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். மாற்றுவதற்குக் காலம் எடுக்கும். இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்து மாற்றுவது, ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்குவது, கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளுமா, ஸ்கூட்டர் ஓட்டலாமா, இந்த நான்கையும் கேளுங்கள். லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பல வருஷமாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் ஆரோக்கியமான குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். உங்கள் அம்மாவின் பயத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.


இன்னும்_பெயரில்லை | செவ்வாய், இரவு 10.30

வியாழக்கிழமை நியூரோ ஓ.பி.யில் டோக்கன் போட்டிருக்கிறேன். நான்கு கேள்வியையும் எழுதிக்கொண்டேன் செவிலி அம்மா. மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே முதலில் பேசுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.


ஓய்வுபெற்ற_செவிலி | புதன், காலை 6.00

அம்மாவையும் ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போ. குழந்தை விஷயத்தை டாக்டர் வாயால் கேட்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் சாப்பிட ஏதாவது எடுத்துக்கொள், மாத்திரை வேளை தவற வேண்டாம்.